கேக்காத பாஸ்வேர்டை மாத்திக்கிட்டே இருந்தேன்: புது மைஎஸ்க்யூஎல் சர்வர்ல ரூட் லாகின் ஆகாத கதை

வேலை முடிஞ்ச சூட்டோட எழுதி வச்சிடலாம்னு உக்காந்துருக்கேன், ஏன்னா ரெண்டு வருஷம் கழிச்சு இதே தப்பை நானே மறுபடி பண்ணுவேன்னு எனக்கு நல்லாவே தெரியும். புது விர்ச்சுவல் மெஷின், உபுண்டு 22.04 லினக்ஸ், அதுல ஆப்ட்ங்கிற பேக்கேஜ் கமாண்ட் வழியா மைஎஸ்க்யூஎல் 8.0ங்கிற டேட்டாபேஸ் சர்வர். சரக்கு இருப்பு கணக்கு பாக்குற ஒரு சின்ன அப்ளிகேஷனுக்கு டேட்டாபேஸ் வேணும், அவ்ளோதான் விஷயம். இன்ஸ்டால் ஆக பத்து நிமிஷம் கூட ஆகல. உள்ள போறதுக்குத்தான் ஒரு சாயங்காலம் முழுசும் ராத்திரி பாதியும் போச்சு.

பழைய பழக்கம் விரல்லயே இருக்கும்ல, மைஎஸ்க்யூஎல், ஹைஃபன் யு ரூட், ஹைஃபன் பி, என்டர். எல்லா உரிமையும் இருக்குற ரூட் கணக்குல உள்ள போறேன்னு அர்த்தம். பாஸ்வேர்ட் கேட்டுச்சு. இன்ஸ்டால் பண்றப்ப எதையுமே கேக்கலையே, அப்ப காலியாதான் இருக்கும்னு வெறும் என்டர் தட்டுனேன். எர்ரர் 1698, ஆக்சஸ் டினைடு, யூசர் 'ரூட்'@'லோக்கல்ஹோஸ்ட்'. சரின்னு 'ரூட்'னு அடிச்சேன், 'அட்மின்'னு அடிச்சேன், மெஷினோட சொந்த பாஸ்வேர்டையே அடிச்சேன், எல்லாத்துக்கும் அதே 1698. ரெட்ஹாட் வகை லினக்ஸ்ல ஆர்பிஎம் பேக்கேஜ் போட்டா ஒரு தற்காலிக பாஸ்வேர்டை லாக் ஃபைல்ல எழுதி வைக்கும், அது ஞாபகம் வந்து எர்ரர் லாக்ல க்ரெப் போட்டு தேடுனேன். ஒரு வரி கூட இல்ல. உபுண்டு பேக்கேஜ்ல அந்த வழக்கமே கிடையாதுன்னு அப்புறம்தான் உறைச்சுது.

அந்த நிமிஷமே எர்ரர் நம்பரை ஒழுங்கா பாத்துருந்தா கதை அங்கயே முடிஞ்சிருக்கும். பாஸ்வேர்ட் தப்புன்னா வர்ற நம்பர் 1045, அந்த வரியோட கடைசில 'யூசிங் பாஸ்வேர்ட்: எஸ்' இல்லன்னா 'நோ'ன்னு ஒரு வால் ஒட்டிக்கிட்டு வரும். 1698ல அந்த வால் இருக்காது. ஏன் இருக்காதுன்னா பாஸ்வேர்டுங்கிற பேச்சே அங்க இல்ல. நான் அடிச்ச எதையும் அது ஒப்பிட்டே பாக்கல. ஆனா நமக்கு ஆக்சஸ் டினைடுங்கிற ரெண்டு வார்த்தையைப் பாத்ததும் மூளை மீதி வரியை படிக்கிறதையே நிறுத்திடுது.

அடுத்து செக்யூர் இன்ஸ்டாலேஷன்னு ஒரு ஸ்கிரிப்ட் கூடவே வருமே, அதை சூடோ போட்டு, அதாவது லினக்ஸ் ரூட் உரிமையோட, ஓட்டுனேன். பாஸ்வேர்ட் எவ்ளோ வலுவா இருக்குன்னு பாக்குற வேலிடேட் பாஸ்வேர்ட் காம்பொனென்ட் வேணுமான்னு கேட்டுச்சு, வேணும்னு சொல்லி மீடியம் லெவல் குடுத்தேன், அதோட பலன் பின்னாடி வரும். அப்புறம் ஒரு வரி வந்துச்சு: ரூட்டுக்கு ஆத் சாக்கெட் முறை இருக்கறதால பாஸ்வேர்ட் வைக்கிற கட்டத்தை தாண்டிப் போறேன், பாஸ்வேர்ட்தான் வேணும்னா ஆல்டர் யூசர் கமாண்ட் போட்டுக்கோங்க, அப்டின்னு. ஆத் சாக்கெட்னா என்னன்னு பின்னாடி சொல்றேன், ஆனா பளிச்சுன்னு திரையிலயே சொல்லுது. நான் ஒய், என்டர், ஒய், என்டர்னு தட்டிக்கிட்டே கீழ போய்ட்டேன். முன்னாடி வந்த பேக்கேஜ்ல இதே ஸ்கிரிப்ட் இந்த இடத்துல 'இந்த யூசருக்கு செட் பாஸ்வேர்ட் போடுறதுல அர்த்தமில்ல'ன்னு சொல்லிட்டு மறுபடி மறுபடி பாஸ்வேர்டை கேட்டு சுத்திக்கிட்டே இருக்கும், கன்ட்ரோல் சி கூட கேக்காது, வேற டெர்மினல்ல இருந்துதான் கில் பண்ணணும். அந்த அளவுக்கு மடக்கி உக்கார வச்சிருந்தா நானும் நின்னு படிச்சிருப்பேனோ என்னவோ.

இதுல இன்னொரு விஷயம் கவனிக்கணும், அந்த ஸ்கிரிப்டை ஓட்டுனப்ப அது பாஸ்வேர்டே கேக்காம சர்வருக்குள்ள போயிருக்கு. சூடோ போட்டதால போயிருக்கு. அதையும் பாக்கல. வெண்ணெயை கையில வச்சிக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதைதான்.

அப்புறம் ஆரம்பிச்சேன் பெரிய வைத்தியம். என்கிட்ட 2014 வாக்குல எழுதி வச்ச ஒரு நோட்ஸ் ஃபைல் இருக்கு, ரூட் பாஸ்வேர்ட் மறந்தா என்ன பண்றதுன்னு. சர்வரை நிறுத்து, யாருக்கு என்ன உரிமைங்கிற டேபிள்களை பாக்காம விடுற ஸ்கிப் கிராண்ட் டேபிள்ஸ்ங்கிற ஆப்ஷனோட சேஃப் ஸ்கிரிப்ட் வழியா கிளப்பு, உள்ள போய் டேபிளை அப்டேட் பண்ணு, வெளிய வா. நாலே வரி. முதல் வரி ஒழுங்கா ஆச்சு. ரெண்டாவதுலயே முட்டிக்கிச்சு, வார் ரன் கீழ மைஎஸ்க்யூஎல்டி டைரக்டரி இல்லன்னு சொல்லிட்டு செத்துருச்சு. காரணம் சிம்பிள்தான், அந்த டைரக்டரியை சர்வீஸ் கிளம்புறப்ப, சர்வீஸ்களை கிளப்பி நிறுத்துற சிஸ்டம்டி உருவாக்கும், நிறுத்துனா அதுவே அழிச்சிடும், நாம கையால கிளப்புனா உருவாக்க ஆள் இல்ல. எம்கேடிர் போட்டு, ஓனரை மைஎஸ்க்யூஎல் யூசருக்கு மாத்தி, மறுபடி கிளப்புனேன், வந்துருச்சு.

உள்ள போயாச்சு, ஒரு பாஸ்வேர்டும் கேக்கல. ஸ்கிப் கிராண்ட் டேபிள்ஸ்னா கதவை கழட்டி வச்சிட்டு வீட்டுல உக்காந்துருக்க மாதிரி, யார் வந்தாலும் எஜமான்தான். நல்ல வேளையா 8.0ல அந்த ஆப்ஷன் போட்டா நெட்வொர்க் கனெக்‌ஷனை சர்வரே தானா மூடிடுது, அதே மெஷின்ல இருக்கறவங்க மட்டும்தான் வர முடியும். அதுக்கு முன்னாடி வெர்ஷன்கள்ல ஸ்கிப் நெட்வொர்க்கிங்னு தனியா நாமளே சேக்கணும், அதை சேக்காம விட்டு சர்வரை ஊருக்கே திறந்து வச்சவங்க எத்தனையோ பேர் இருப்பாங்க.

நோட்ஸ்ல இருந்த அப்டேட் வரியை அப்படியே ஒட்டுனேன், டேபிள்ல பாஸ்வேர்ட்ங்கிற காலத்துக்கு, அதாவது நெடுவரிசைக்கு, பாஸ்வேர்ட் ஃபங்ஷன் போட்டு ஒரு மதிப்பு. எர்ரர் 1064, சிண்டாக்ஸ் தப்பு. அந்த ஃபங்ஷனையே 8.0 வரிசைல தூக்கிட்டாங்க, அந்த காலமும் 5.7லயே போயிருச்சு, இப்ப அதுக்கு பதிலா ஆதென்டிகேஷன் ஸ்ட்ரிங்னு ஒரு காலம். சரி புது முறைல ஆல்டர் யூசர் போடுவோம்னு போட்டா எர்ரர் 1290, சர்வர் ஸ்கிப் கிராண்ட் டேபிள்ஸோட ஓடுது, அதனால இதை செய்ய முடியாதுன்னு பதில். முதல்ல ஃப்ளஷ் பிரிவிலேஜஸ் ஒண்ணு போட்டா கிராண்ட் டேபிள்ஸ் மெமரிக்கு வந்து ஆல்டர் யூசர் வேலை செஞ்சிருக்கும். அது எனக்கு தெரியும்தான், ஆனா மணி பத்தாச்சு, பசி வேற, தெரிஞ்சதும் ஞாபகம் வரல. அதுக்கு பதிலா ஒரு அதிபுத்திசாலித்தனம் பண்ணேன் பாருங்க, ஆதென்டிகேஷன் ஸ்ட்ரிங் காலத்துல எனக்கு வேணுங்கிற பாஸ்வேர்டை அப்படியே வெறும் எழுத்தா அப்டேட் பண்ணிட்டேன். பாஸ்வேர்டை உருமாத்தி வைக்கிற ஹாஷ் இருக்க வேண்டிய இடம் அதுன்னு தெரிஞ்சும், 'பாப்போம், ஒருவேளை ஓடுனா'ங்கிற நினைப்புல.

வெளிய வந்து சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் போட்டா சர்வர் கிளம்பல. என்னடா இது புது தலைவலின்னு எர்ரர் லாக்கை திறந்தா ஐபிடேட்டா1 ஃபைலை லாக் பண்ண முடியல, எர்ரர் 11ன்னு வரிசையா ஓடுது. டேட்டாவே போச்சோன்னு ஒரு நிமிஷம் நெஞ்சு அடிச்சுக்கிச்சு, புது சர்வர், உள்ள ஒரு டேட்டாவும் இல்லங்கிறது கூட மறந்து போச்சு. விஷயம் என்னன்னா கையால கிளப்புனேனே சேஃப் ஸ்கிரிப்ட், அது பின்னணில இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு, ஒரே டேட்டா டைரக்டரியை ரெண்டு சர்வர் பிடிச்சு இழுக்குது. ஓடுற ப்ராசஸ்களை காட்டுற பிஎஸ் கமாண்ட் போட்டு பாத்து, மைஎஸ்க்யூஎல்அட்மின் ஷட்டவுன் போட்டு பழசை இறக்குனேன். அந்த நேரத்துல கில் ஹைஃபன் 9 போட கை துடிக்கும், போடாதீங்க. அதுவும் சேஃப் ஸ்கிரிப்ட்டை விட்டுட்டு சர்வர் ப்ராசஸை மட்டும் கொன்னா அது உடனே மறுபடி எழுப்பி விட்டுரும், அதுக்குத்தான் அந்த ஸ்கிரிப்டே இருக்கு.

சர்வர் ஒழுங்கா வந்துச்சு. லாகின் பண்ணேன். 1698.

மடிக்கணினியை மூடி வச்சிட்டு எந்திரிச்சு போயிட்டேன். திரும்பி வந்து உக்காந்து முதல்ல செய்திருக்க வேண்டியதை கடைசியா செஞ்சேன். சூடோ மைஎஸ்க்யூஎல், வேற எதுவும் கூட போடாம, ஒரு என்டர். உள்ள போயிருச்சு. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல இருக்குற யூசர் டேபிள்ல இருந்து யூசர், ஹோஸ்ட், ப்ளகின், ஆதென்டிகேஷன் ஸ்ட்ரிங் நாலு காலத்தை மட்டும் செலக்ட் பண்ணி பாத்தேன். ரூட், லோக்கல்ஹோஸ்ட், ஆத் சாக்கெட், அதுக்கு பக்கத்துல நான் எழுதுன பாஸ்வேர்ட் நிர்வாணமா நிக்குது.

ஆத் சாக்கெட் என்ன பண்ணுதுன்னா, அதே மெஷின்ல இருந்து யூனிக்ஸ் சாக்கெட் ஃபைல் வழியா ஒரு கனெக்‌ஷன் வந்தா, எதிர்ல இருக்குற ப்ராசஸ் எந்த லினக்ஸ் யூசரோடதுன்னு கெர்னல்கிட்டயே கேக்குது. கெர்னல் பொய் சொல்லாது. வந்த லினக்ஸ் யூசர் பேரும் கேக்குற மைஎஸ்க்யூஎல் யூசர் பேரும் ஒண்ணா இருந்தா உள்ள வா, இல்லன்னா போ. அவ்ளோதான். சூடோ போட்டா நான் லினக்ஸ் ரூட், அதனால மைஎஸ்க்யூஎல் ரூட்டாவும் வரலாம். சூடோ இல்லன்னா நான் சாதாரண யூசர், ஆயிரம் பாஸ்வேர்ட் சரியா அடிச்சாலும் ரூட்டா வர முடியாது. நடுவுல ஹோஸ்ட்டுக்கு 127.0.0.1 போட்டும் ஒரு தடவை பாத்தேன், அதுலயும் 1698தான், ஏன்னா லோக்கல்ஹோஸ்ட்னா சாக்கெட் ஃபைல், 127.0.0.1ன்னா டிசிபி, அதாவது நெட்வொர்க் வழி, டிசிபில வர்றவன் யாருன்னு கெர்னலால சாட்சி சொல்ல முடியாது. ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சிக்கிட்டு இருக்குற வரைக்கும் இந்த மாதிரி பிரச்சனை தீராது.

இதுல எனக்கு சிரிப்பு வந்த இடம் வேற. பேர் பொருந்தலன்னா ஆத் சாக்கெட் இன்னொரு சோதனையும் பண்ணும், ஆதென்டிகேஷன் ஸ்ட்ரிங் காலத்துல எதாவது எழுதியிருந்தா அதை ஒரு லினக்ஸ் யூசர் பேரா எடுத்துக்கிட்டு, வந்தவன் அவனான்னு பாக்கும். ஒரு லினக்ஸ் யூசரை வேற பேர்ல உள்ள விடுறதுக்கான வசதி அது. அதாவது நான் அவ்ளோ கஷ்டப்பட்டு எழுதுன பாஸ்வேர்டை ஒரு ஆளோட பேரா நினைச்சிக்கிட்டு, அந்த பேர்ல யாராவது வருவாங்களான்னு சர்வர் வாசல்ல உக்காந்து காத்துக்கிட்டு இருந்துருக்கு.

சரி, சரி பண்றது ஒரே வரி. ஆல்டர் யூசர் 'ரூட்'@'லோக்கல்ஹோஸ்ட்' ஐடென்டிஃபைடு வித் ஆத் சாக்கெட். அந்த குப்பை ஸ்ட்ரிங் காலியாயிருச்சு. இந்த இடத்துல நிறைய பேர் ரூட்டையே பாஸ்வேர்டுக்கு மாத்திடுவாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ரூட் சாக்கெட்லயே இருந்தா நெட்வொர்க்ல இருந்து யாரும் ரூட் பாஸ்வேர்டை ஊகிச்சு பாக்கவே முடியாது, ஏன்னா அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. சூடோ உரிமை இருக்கறவங்க உள்ள போகட்டும், மத்தபடி நிர்வாகத்துக்கு தனியா ஒரு யூசர். போஸ்ட்கிரஸ்ங்கிற இன்னொரு டேட்டாபேஸ்ல பியர்னு சொல்றதும் இதேதான், அங்க சூடோ ஹைஃபன் யு போஸ்ட்கிரஸ் பிஎஸ்க்யூஎல்னு போய் பழகுனவங்க யாரும் அதை குறையா சொல்றதில்ல, மைஎஸ்க்யூஎல்ல மட்டும் நமக்கு ரூட்டுன்னா பாஸ்வேர்ட் இருந்தே ஆகணும்னு ஒரு பிடிவாதம். மைஎஸ்க்யூஎல்ல இருந்து கிளைச்ச மரியாடிபிலயும் 10.4ல இருந்து யூனிக்ஸ் சாக்கெட்ங்கிற பேர்ல இதுதான் வழக்கம், அங்க யூசர் டேபிளே நிஜ டேபிள் இல்ல, ஒரு வியூ, அதனால என் நோட்ஸ்ல இருக்குற அப்டேட் வைத்தியத்துக்கு அங்க இடமே இல்ல.

டிபிஅட்மின்னு ஒரு யூசர் போட போனேன். நோட்ஸ்ல கிராண்ட் ஆல் வரிலயே ஐடென்டிஃபைடு பை சேத்து யூசரையும் ஒரே மூச்சுல உருவாக்குற மாதிரி இருந்துச்சு, அதை ஒட்டுனா 1064. ஐடென்டிஃபைடு பையை எடுத்துட்டு ஒட்டுனா 1410, கிராண்ட் வழியா யூசர் உருவாக்க உனக்கு அனுமதி இல்லன்னு. இந்த 1410ஐ பாத்துட்டு 'நான் ரூட்டு, எனக்கே அனுமதி இல்லையா'ன்னு உரிமையை நோண்ட ஆரம்பிக்காதீங்க, 8.0ல முதல்ல கிரியேட் யூசர், அப்புறம்தான் கிராண்ட், அவ்ளோதான் அதோட அர்த்தம். கிரியேட் யூசர் போட்டேன், 1819, பாஸ்வேர்ட் கொள்கைக்கு ஒத்துவரல. பாருங்க, நானே ஒய் தட்டி வாங்கிக்கிட்ட வினை. மீடியம்னா குறைஞ்சது 8 எழுத்து, பெரிய எழுத்து, சின்ன எழுத்து, ஒரு எண், ஒரு விசேஷக்குறி. சரின்னு நடுவுல ஒரு ஹாஷ் குறி (#) போட்டு வச்சேன், ஏத்துக்கிச்சு. அந்த ஹாஷ் குறி என்ன பண்ணுச்சுங்கிறதையும் சொல்றேன்.

அப்ளிகேஷன் ஓடுறது வேற மெஷின்ல, 192.168.10.25ன்னு வச்சுக்கோங்க. அங்க இருந்து டிபிஅட்மினா முயற்சி பண்ணா 2003, கூடவே அடைப்புக்குறிக்குள்ள 111. அந்த 111 லினக்ஸோட எர்ரர் நம்பர், கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு. அதாவது மைஎஸ்க்யூஎல் வரைக்கும் போகவே இல்ல, லாகின் பேச்சுக்கே இடமில்ல. சர்வரோட கான்ஃபிக் ஃபைல்ல பைண்ட் அட்ரஸ் 127.0.0.1ன்னு இருக்கும், வெளி மெஷினுக்கு காது குடுக்காதுன்னு அர்த்தம். அதை சர்வரோட உள் நெட்வொர்க் ஐபிக்கு மாத்தி ரீஸ்டார்ட் பண்ணேன். எல்லா ஐபிக்கும் திறந்து விடுற மாதிரி 0.0.0.0 போடுறது சுலபம்தான், ஃபயர்வால் ஒழுங்கா இருக்குன்னு உறுதி இல்லாத வரைக்கும் நான் போட மாட்டேன்.

அடுத்தது 1130, இந்த ஹோஸ்ட்டுக்கு இந்த சர்வரோட பேச அனுமதி இல்ல. இது எனக்கு சந்தோஷமான எர்ரர், ஏன்னா சர்வர் வரைக்கும் வந்தாச்சு. நான் டிபிஅட்மினை லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டும்தான் உருவாக்கியிருந்தேன். மைஎஸ்க்யூஎல்ல ஒரு கணக்குங்கிறது பேர் மட்டும் இல்ல, பேரும் எங்க இருந்து வர்றாங்கிறதும் சேந்ததுதான் கணக்கு. 'டிபிஅட்மின்'@'லோக்கல்ஹோஸ்ட்' ஒரு ஆள், 'டிபிஅட்மின்'@'192.168.10.%' வேற ஆள், ரெண்டுக்கும் பாஸ்வேர்ட் வேற, உரிமை வேற. ரெண்டாவது ஆளையும் உருவாக்குனேன்.

இதுலதான் இன்னொரு பழைய காயம் ஞாபகம் வருது. முன்னாடி ஒரு தடவை பழைய 5.5 சர்வர்ல பேரே இல்லாத அனாமதேய யூசர் ஒண்ணு லோக்கல்ஹோஸ்ட்டுக்கு இருந்துச்சு. நான் % ஹோஸ்ட்டோட, அதாவது எங்க இருந்து வந்தாலும் சரின்னு, ஒரு அட்மின் யூசர் போட்டு, அதே மெஷின்ல இருந்து லாகின் பண்ணா 1045, பாஸ்வேர்ட் எஸ். வெளி மெஷின்ல இருந்து அதே பேர் அதே பாஸ்வேர்ட் ஜம்முனு போகுது. சர்வர் யூசர் டேபிளை ஹோஸ்ட் எவ்ளோ குறிப்பா இருக்குங்கிற வரிசைல அடுக்கி வச்சிட்டு முதல்ல பொருந்துற வரியை எடுத்துக்கும், லோக்கல்ஹோஸ்ட் %ஐ விட குறிப்பானது, பேர் காலியா இருந்தா எந்த பேருக்கும் பொருந்தும், அதனால என்னை அந்த பேரில்லாத ஆளா நினைச்சுக்கிச்சு. 5.7ல இருந்து புது இன்ஸ்டால்ல அந்த அனாமதேய ஆள் வர்றதில்ல, ஆனா மேல மேல அப்கிரேட் பண்ணிக்கிட்டே வந்த சர்வர்ல இன்னும் உக்காந்துருக்கலாம். எப்படியாவது உள்ள போக முடிஞ்சா செலக்ட் யூசர், கரண்ட் யூசர்னு ரெண்டு ஃபங்ஷனையும் சேத்து கூப்ட்டு பாருங்க. முதலாவது நீங்க யாருன்னு சொல்லிக்கிட்டு வந்தீங்கங்கிறது, ரெண்டாவது சர்வர் உங்களை யாருன்னு முடிவு பண்ணுச்சுங்கிறது. ரெண்டும் வேற வேறயா இருக்குறப்பதான் கதையே தொடங்கும்.

சரி நம்ம கதைக்கு வருவோம். கமாண்ட் லைன்ல இருந்து டிபிஅட்மின் நல்லா போகுது. அப்ளிகேஷன்ல 1045, பாஸ்வேர்ட் எஸ். இப்பதான் முதல் தடவையா நிஜமாவே பாஸ்வேர்ட் பிரச்சனை. அப்ளிகேஷனும் பேக்கப் ஸ்கிரிப்டும் ஹோம் டைரக்டரில இருக்குற டாட் மை டாட் சிஎன்எஃப் ஃபைல்ல இருந்து பாஸ்வேர்டை எடுக்குற மாதிரி வச்சிருந்தேன். அந்த ஃபைல்ல ஹாஷ் குறி வந்தா அதுக்கப்புறம் இருக்குறது எல்லாம் கமென்ட். என் பாஸ்வேர்ட்ல பாதிதான் போயிருக்கு, மீதி பாதி கமென்டா கிடந்துச்சு. மேற்கோள் குறிக்குள்ள பாஸ்வேர்டை போட்டதும் சரியாச்சு. இதோட அண்ணன் தம்பிங்க ரெண்டு பேர் இருக்காங்க. ஒண்ணு, பாஷ்ல இரட்டை மேற்கோளுக்குள்ள ஆச்சரியக்குறி இருந்தா பாஷ் அதை ஹிஸ்டரில தேட போயிடும். இன்னொண்ணு, ஹைஃபன் பிக்கு அப்புறம் இடம் விட்டு பாஸ்வேர்ட் அடிச்சா அது பாஸ்வேர்ட் இல்ல, டேட்டாபேஸ் பேர்னு எடுத்துக்கும், பாஸ்வேர்டை தனியா கேக்கும். அப்புறம் இந்த டாட் மை டாட் சிஎன்எஃப்ல பழைய சர்வரோட பாஸ்வேர்ட் கிடந்தாலும் நீங்க கேக்காமலே அது போய் நிக்கும், சந்தேகம் வந்தா நோ டிஃபால்ட்ஸ் ஆப்ஷனை முதல்ல போட்டு ஒரு தடவை கனெக்ட் பண்ணி பாருங்க.

கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தர் கிராஃபிக்கல் கிளையன்ட் வச்சிருக்கார், ஜேடிபிசிங்கிற ஜாவா இணைப்பு வழியா பேசுறது. அவர் சொன்ன புகார்தான் ரொம்ப விசித்திரம். 'அண்ணே, சாயங்காலம் நல்லா போகுது, காலைல மட்டும் பப்ளிக் கீ ரிட்ரீவல் அனுமதி இல்லன்னு வருது, நீங்க ஒரு தடவை லாகின் பண்ணிட்டா எனக்கும் சரியாயிடுது'ன்னார். முதல்ல நான் நம்பல. அப்புறம் யோசிச்சா அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. 8.0ல புது யூசருக்கு வழக்கமா வர்ற ப்ளகின் காஷிங் ஷா2 பாஸ்வேர்ட். பேர்லயே காஷ் இருக்கு, தற்காலிகமா மெமரில சேத்து வைக்கிறதுன்னு அர்த்தம். ஒரு யூசர் முதல் தடவை வர்றப்ப முழு சோதனை நடக்கும், அதுக்கு பாதுகாப்பான கனெக்‌ஷன் வேணும், டிஎல்எஸ் (எஸ்எஸ்எல்னும் சொல்லுவாங்க, வழில யாரும் படிக்க முடியாம பூட்டி அனுப்புறது) இருக்கணும், இல்ல லோக்கல் சாக்கெட்டா இருக்கணும், இல்ல சர்வரோட ஆர்எஸ்ஏ பப்ளிக் கீயை வாங்கி பாஸ்வேர்டை பூட்டி அனுப்பணும். ஒரு தடவை தேறிட்டா சர்வர் மெமரில வச்சிக்கும், அதுக்கப்புறம் சுருக்கு வழி, சாதா கனெக்‌ஷனும் போதும். ராத்திரி நான் சர்வரை ரீஸ்டார்ட் பண்றப்ப காஷ் காலி. காலைல முதல் ஆளா தம்பி வர்றார், அவர் கிளையன்ட்ல எஸ்எஸ்எல் அணைச்சு வச்சிருக்கார், கீ வாங்கவும் அனுமதி இல்ல, கதவு மூடிக்குது. நான் அதே டிபிஅட்மின் கணக்குல டிஎல்எஸ்ஸோட போய்ட்டா காஷ் நிரம்பிடுது, அவருக்கும் வழி பிறக்குது.

பழைய மைஎஸ்க்யூஎல் நேட்டிவ் பாஸ்வேர்ட் ப்ளகினுக்கு மாத்திடுங்கன்னுதான் பல பேர் சொல்லுவாங்க. உடனே வேலை முடியும், உண்மைதான். ஆனா 2024ல வந்த 8.4ல அது வழக்கத்துலயே அணைஞ்சிருக்கு, அதே வருஷம் 9.0ல மொத்தமாவே தூக்கிட்டாங்க. இன்னைக்கு அதுக்கு மாறுனா அடுத்த அப்கிரேட்ல மறுபடி வாசல்ல நிக்கணும். அதனால தம்பியோட கிளையன்ட்ல எஸ்எஸ்எல்ஐ ஆன் பண்ண சொன்னேன், வேற எதுவும் மாத்தல.

நிஜமாவே பாஸ்வேர்ட் மறந்து வெளிய நிக்கிற நிலைமை வந்தா இனிமே ஸ்கிப் கிராண்ட் டேபிள்ஸ் பக்கம் போறதா இல்ல. இனிட் ஃபைல் முறை இருக்கு, ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல ஆல்டர் யூசர் வரியை எழுதி, சர்வர் கிளம்புறப்ப அதை படிக்க சொன்னா கதவை கழட்டாமலே பூட்டு மாறிடும். உபுண்டுல ஆப்ஆர்மர் காவல் இருக்கு, ஃபைலை எங்க வேணா வச்சா படிக்க விடாது, வார் லிப் கீழ மைஎஸ்க்யூஎல் ஃபைல்ஸ்னு இருக்குற டைரக்டரில வச்சு, ஓனரை மைஎஸ்க்யூஎல் யூசருக்கு மாத்தி, வேலை முடிஞ்சதும் அழிச்சிடணும். டெபியன் வழி வந்த மைஎஸ்க்யூஎல் பேக்கேஜ்ல இன்னொரு பின் வாசலும் இருக்கு, எட்சி கீழ மைஎஸ்க்யூஎல் டைரக்டரில டெபியன் டாட் சிஎன்எஃப்ங்கிற ஃபைல்ல பராமரிப்புக்குன்னு ஒரு யூசரும் பாஸ்வேர்டும் இருக்கும், ரூட் மட்டும்தான் படிக்க முடியும், அந்த யூசருக்கு எல்லா உரிமையும் உண்டு. ரூட் கணக்கையே தெரியாம அழிச்சவங்களுக்கு அதுதான் கதி.

எல்லாம் முடிச்சிட்டு மெஷினை ஒரு தடவை ரீபூட் பண்ணி, சூடோல ரூட், லோக்கல்ல டிபிஅட்மின், அப்ளிகேஷன் மெஷின்ல டிபிஅட்மின், தம்பியோட கிளையன்ட், நாலையும் வரிசையா பாத்தேன், நாலும் போச்சு. படுக்க போற நேரத்துல ஒரு சந்தேகம். மைஎஸ்க்யூஎல் கிளையன்ட் நாம அடிக்கிற கமாண்டை எல்லாம் ஹோம் டைரக்டரில ஒரு ஹிஸ்டரி ஃபைல்ல சேத்து வைக்கும், ஐடென்டிஃபைடுங்கிற வார்த்தையோ பாஸ்வேர்டுங்கிற வார்த்தையோ இருக்குற வரியை மட்டும் விட்டுரும். கிரியேட் யூசர், ஆல்டர் யூசர் எதுவும் அதுல இல்ல. ஆனா ஸ்கிப் கிராண்ட்ல உக்காந்து ஆதென்டிகேஷன் ஸ்ட்ரிங்கை அப்டேட் பண்ணேனே ஒரு வரி, அதுல இந்த ரெண்டு வார்த்தையும் கிடையாது. திறந்து பாத்தா, இருக்கு, பாஸ்வேர்டோட. அதே பாஸ்வேர்டைத்தான் நடுவுல ஒரு ஹாஷ் குறி மட்டும் செருகி டிபிஅட்மினுக்கும் வச்சிருந்தேன். வரியை அழிச்சேன், டிபிஅட்மினோட ரெண்டு கணக்குக்கும் வேற பாஸ்வேர்ட் வச்சேன், அப்ளிகேஷன் கான்ஃபிக்லயும் மாத்தினேன், மேற்கோள் குறியோட.